மழை பெய்த இரவில் அந்த மூட்டைகள் யாருடையவை?

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எங்களுக்கு ரெண்டே முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். இந்த வருஷம் பறித்துக் காயவைத்தது பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ. சேலத்து மண்டி வியாபாரி ஒருவர் திங்கட்கிழமை வீட்டுக்கே வந்தார். மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்துக் கடித்துப் பார்த்து, "காய்ச்சல் நல்லா இருக்கும்மா" என்று கிலோ 620 ரூபாய்க்குப் பேசி முடித்தார். அரைக் கிலோ சாம்பிள் கட்டிக்கொண்டார். அங்கேயே நின்று ஜிபேயில் 20,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டார். மூட்டைகள் மேல் நீலக் கட்டியால் அவர் கடை எழுத்தை எழுதிவிட்டு, "வியாழக்கிழமை என் வண்டி வரும், எடையை நம்ம கடையில போட்டுக்கறேன், மீதிப் பணம் அன்னைக்கே" என்று போனார்.

வியாழன் வண்டி வரவில்லை. வெள்ளி காலையில் போன் செய்தேன், "நாளைக்கு வந்துடும்மா" என்றார். சனி ராத்திரி கோடை மழை கொட்டியது. கொட்டகை மூலையில் ஓடு விலகியிருந்த இடத்தில் தண்ணீர் இறங்கி மூன்று மூட்டை நனைந்துவிட்டது. திங்கட்கிழமை கேட்டால், "விலை 560க்கு இறங்கிடுச்சு. நனைஞ்ச சரக்கு எனக்கு வேண்டாம். 560ன்னா ஒம்பது மூட்டையை எடுத்துக்கறேன், இல்லைன்னா அட்வான்சைத் திருப்பிப் போடுங்க" என்கிறார். பத்திரமில்லை, எழுத்தில்லை, ஒன்றும் பண்ண முடியாது என்கிறார் என் வீட்டுக்காரர். போலீசில் கொடுத்தால் நடக்குமா? மிளகை வேறு ஆளுக்கு விற்கலாமா? அட்வான்சைத் திருப்பித் தர வேண்டுமா?

ஏற்காடு மலையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நீலக் கட்டி. அதை நான் மூன்று தடவை படித்தேன். உங்கள் வழக்கின் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை.

பத்திரம் இல்லாவிட்டால் ஒன்றும் செல்லாது என்பது நிலம் வாங்கி விற்றுப் பழகிய நம் ஊரில் எல்லோருக்கும் ஊறிப்போன நினைப்பு. நிலத்துக்கு அது சரி. சரக்குக்கு அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 10 கேட்பது நான்கே விஷயம்: இரண்டு பேரும் மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும், ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், ஒருவர் கொடுப்பதற்கு மற்றவர் ஏதாவது கைம்மாறாகக் கொடுக்க வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். சரக்கு விற்பனைக்கென்று 1930இல் தனிச் சட்டம் வந்தது. அதன் பிரிவு 5, விற்பனை ஒப்பந்தத்தை எழுத்திலும் செய்யலாம், வாய்ச்சொல்லிலும் செய்யலாம், நடந்துகொள்ளும் விதத்தை வைத்தும் ஊகிக்கலாம் என்று நேராகவே சொல்கிறது. சேலம் லீ பஜார் மண்டியில் ஒரு நாளைக்குக் கைமாறும் சரக்கில் எத்தனை மூட்டைக்கு முத்திரைத் தாள் எழுதுகிறார்கள்? விலை பேசினார், சாம்பிள் எடுத்தார், பணம் போட்டார், மூட்டையில் எழுதினார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் 560 என்று இப்போது சொல்வது புதிதாக ஒரு விலை கேட்பது, அவ்வளவுதான். அதற்கு நீங்கள் தலையாட்டினால் ஒழிய பழைய 620 அப்படியே நிற்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சனி ராத்திரி மழை இறங்கியபோது அந்த மூன்று மூட்டையும் யாருடையவை?

சட்டத்தில் இதை "உரிமை மாறும் நேரம்" என்பார்கள். சரக்கு எங்கே கிடக்கிறது, பணம் முழுக்க வந்ததா என்பதெல்லாம் வேறு கேள்விகள். உரிமை யாரிடம் இருக்கிறதோ, பொதுவாக நஷ்டமும் அவர் தலையில்தான். பிரிவு 26 அப்படித்தான் தொடங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் ஒரு ஜோடியைக் காட்டி, "இதையே எடுத்துக்கறேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று விலையும் பேசிவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்த நிமிஷமே அந்த ஜோடி உங்களுடையது. "இதே மாதிரி பத்து ஜோடி செஞ்சு வைங்க" என்று சொன்னால் கதை வேறு. அந்தப் பத்து ஜோடி இன்னும் வெள்ளிக் கம்பியாகத்தான் கிடக்கிறது. எது உங்களுடையது என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அது விற்பனை ஆகாது, விற்கிறேன் என்ற ஒப்பந்தம் மட்டுமே. பிரிவு 18, எந்தச் சரக்கு என்று குறித்துப் பிரிக்கப்படும் வரை உரிமை மாறாது என்கிறது. பிரிவு 20, குறிப்பிட்ட சரக்காக இருந்து, எடுத்துப்போகத் தயார் நிலையிலும் இருந்து, நிபந்தனை எதுவும் இல்லையென்றால் பேச்சு முடிந்த அந்தக் கணமே உரிமை மாறிவிடும் என்கிறது. பணம் பிற்பாடு, எடுத்துப்போவது பிற்பாடு என்று வைத்திருந்தாலும் பரவாயில்லை.

நீலக் கட்டி இங்கேதான் வேலை செய்கிறது. "உங்க தோட்டத்து மிளகு ஒரு 600 கிலோ" என்று அவர் பேசவில்லை. இந்தப் பன்னிரண்டு மூட்டை என்று தன் கையாலேயே எழுத்துப் போட்டிருக்கிறார். காய்ந்து, சாக்கில் கட்டி, வண்டி வந்தால் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருந்த சரக்கு.

அவருடைய வக்கீல் இதற்கு என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எடையே போடவில்லையே, மொத்த விலை எவ்வளவு என்றே தெரியாதபோது எப்படி உரிமை மாறும்?" என்பார். பிரிவு 22ஐக் கையில் எடுப்பார். விலையைக் கண்டுபிடிக்க எடை போடுவதோ அளப்பதோ பாக்கி இருந்தால், அது முடிந்து வாங்குபவருக்குத் தெரியவரும் வரை உரிமை மாறாது என்பது அந்தப் பிரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு சொல் உண்டு: எடை போடும் கடமை *விற்பவருக்கு* இருந்தால். உங்கள் விஷயத்தில் எடை போடுகிறேன் என்றவர் யார்? "நம்ம கடையில போட்டுக்கறேன்" என்றவர் அவர். 1863இல் இங்கிலாந்தில் டர்லி எதிர் பேட்ஸ் என்று ஒரு வழக்கு. ஒரு குவியல் களிமண், டன்னுக்கு இவ்வளவு என்று பேச்சு, ஏற்றிக்கொண்டுபோய் எடை போட வேண்டியவர் வாங்குபவர். எடை போடாவிட்டாலும் உரிமை மாறிவிட்டது என்றே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 1930 சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, அதனால் எடுத்துக் காட்டலாம்.

எடை போடும் ஆள் யார் என்பது அற்ப விஷயமாகத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஜூனியராக இருந்த நாட்களில் ஒரு மாந்தோப்புக்காரருக்காக ஆஜரானேன். காயை மரத்தோடு பேசி முன்பணம் வாங்கியிருந்தார். சூறைக்காற்றில் பாதிக் காய் உதிர்ந்ததும் வாங்கினவர் பின்வாங்கிவிட்டார். வாய்ச்சொல் ஒப்பந்தம் செல்லும், மரத்துக் காயையும் பறித்துத் தருவதாகப் பேசினால் சட்டப்படி அது சரக்குதான் என்று நான் அரை மணி நேரம் முழங்கினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "காயை யார் பறிக்கணும்னு பேச்சு?" நான் என் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதைக் கேட்டே வைக்கவில்லை நான். அன்றிலிருந்து என்னிடம் சரக்கு வழக்கு எது வந்தாலும் முதல் கேள்வி: யார் பறிக்கணும், யார் எடை போடணும், யார் வண்டி அனுப்பணும்.

உரிமை அவருக்கு மாறிவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே பிரிவு 19 இருக்கிறது. இரண்டு பேரும் என்ன நினைத்துப் பேசினார்கள் என்பதுதான் முதல். "எடை போட்ட பிறகுதான் என் சரக்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும், இந்தத் தொழிலின் வழக்கமே அதுதான்" என்று அவர் சாட்சி வைத்து நிரூபித்தால் நீதிபதி அதை ஏற்கவும் கூடும். அப்படியே ஏற்றாலும் நீங்கள் தோற்றுவிடவில்லை. பிரிவு 26இல் ஒரு வால் இருக்கிறது. யாருடைய தவறால் சரக்கு கைமாறுவது தாமதப்பட்டதோ, அந்தத் தாமதம் இல்லாதிருந்தால் வந்திருக்காத நஷ்டம் அவர் தலையில் விடியும். உரிமை யாரிடம் இருந்தாலும் சரி.

வியாழக்கிழமை வண்டி வந்திருந்தால் சனிக்கிழமை மழை உங்கள் கொட்டகையில் எதை நனைத்திருக்கும்? வெறும் தரையை.

வண்டி அனுப்புவது அவர் பொறுப்பா உங்கள் பொறுப்பா என்ற கேள்வி வந்தால், அவரே "என் வண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் பிரிவு 36இன்படி, வேறு பேச்சு இல்லையென்றால் விற்பனை நேரத்தில் சரக்கு எங்கே இருந்ததோ அங்கேதான் ஒப்படைப்பு. அதாவது உங்கள் கொட்டகை. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வர வேண்டியவர் அவர்.

வெள்ளிக்கிழமை நீங்கள் செய்த போனுக்குப் பிரிவு 44இல் தனி இடம் இருக்கிறது. விற்பவர் சரக்கோடு தயாராக இருந்து, எடுத்துப்போகச் சொல்லிக் கேட்டும், வாங்குபவர் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், அந்த அசட்டையால் வரும் நஷ்டத்துக்கும், சரக்கைப் பார்த்துக்கொண்ட செலவுக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் பொறுத்துப் போயிருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும், ஆனால் இன்று கையில் ஒன்றும் இருந்திருக்காது. அந்த அழைப்பு உங்கள் போனில் தேதி, நேரத்தோடு பதிவாகியிருக்கும். இன்றைக்கே அதைப் படம் பிடித்து வையுங்கள். 1949இல் இங்கிலாந்தில் ஒரு ஆப்பிள் சாறு வழக்கு நடந்தது, டெம்பி ஹாமில்டன் எதிர் பார்டன். ஆப்பிளை நசுக்கிச் சாறெடுத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். சாறு கெட்டுப்போனது. உரிமை இன்னும் மாறாத நிலையிலும் நஷ்டம் வாங்கினவர் தலையில்தான் விழுந்தது. சாறுக்குப் பதில் மிளகு, இழுத்தடிப்புக்குப் பதில் "நாளைக்கு வந்துடும்மா".

இனி உங்கள் பக்கத்து ஓட்டை. நிஜமாகவே ஓட்டைதான், ஓட்டில். ஒருவருடைய சரக்கை இன்னொருவர் வைத்துப் பார்த்துக்கொள்ளும்போது, தன் சொந்தச் சரக்கைச் சாதாரண புத்தியுள்ளவர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151 சொல்கிறது. வாங்குபவர் தாமதம் செய்திருந்தாலும் இந்தக் கடமை போவதில்லை என்று முன்பு சொன்ன அதே பிரிவு 26 சொல்கிறது. ஓடு விலகியிருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தும் அந்த மூலையில் மூட்டையை அடுக்கினீர்களா? தார்ப்பாய் போட்டிருந்தீர்களா? குறுக்கு விசாரணையில் முதல் மூன்று கேள்வி இவைதான். மலைக் காற்றில் அன்று ராத்திரிதான் ஓடு நகர்ந்தது என்றால் உங்கள் நிலை பலமானது. மார்கழியிலிருந்தே விலகிக் கிடந்தது என்றால் அந்த மூன்று மூட்டை நஷ்டத்தில் ஒரு பங்கை நீங்கள் சுமக்க நேரிடலாம். எதுவோ, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வக்கீலிடமும் சரி, கோர்ட்டிலும் சரி. கடிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதே குணம் சாட்சிக் கூண்டிலும் இருக்கட்டும்.

நனைந்த சரக்கு சாம்பிளுக்கு ஒத்துவராது என்று அவர் சொல்லலாம். 1930 சட்டத்தின் பிரிவு 17இன்படி சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் சாம்பிள் தரத்தில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் வியாழக்கிழமை எடுத்திருந்தால் ஒத்து வந்திருக்கும் சரக்கு, அவர் தாமதத்தால் கெட்டது என்று நிலைநாட்டினால் அந்த வாதம் ஈரம் காய்ந்துபோகும். காய்ந்த ஒன்பது மூட்டைக்கு அந்த வாதமே கிடையாது. அவர் குத்தூசி போட்டு, கடித்துப் பார்த்து, தானே "காய்ச்சல் நல்லா இருக்கு" என்ற சரக்கு அது.

விலை இறங்கிவிட்டது என்பது ஒரு காரணமே இல்லை. 620க்குப் பேசின பிறகு 680க்கு ஏறியிருந்தால் உங்களைக் கூப்பிட்டு அறுபது ரூபாய் சேர்த்துத் தந்திருப்பாரா? ஏறும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் வாங்கினார். அந்தக் கணக்குக்காகத்தான் ஒப்பந்தமே.

இனி என்ன செய்வது? சும்மா உட்கார்ந்து முழு விலைக்கும் வழக்குப் போடலாம், உரிமை மாறிவிட்டது என்றால் பிரிவு 55 அதற்கு வழி தருகிறது. நான் சொல்ல மாட்டேன். வழக்கு முடிவதற்குள் மிளகின் விலை எங்கே போகுமோ, கொட்டகையில் இன்னும் எத்தனை மழை பார்க்குமோ. அதோடு, கேட்கும் தொகை மூன்று லட்சத்தைத் தொட்டால் வணிக நீதிமன்றச் சட்டம் 2015 குறுக்கே வரும். அவசர உத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால், அங்கே போகும் முன் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பன்னிரண்டு மூட்டை மிளகுக்கு அது சுற்றுவழி.

மிளகை விற்றுவிடுங்கள். ஆனால் விற்பதற்கு முன்னால் ஒரு காரியம். பிரிவு 54இன்படி, மறுவிற்பனை செய்யப் போகிறேன் என்று வாங்கினவருக்கு முதலில் அறிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்துப் பிறகுதான் வேறு ஆளுக்கு விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் விலை வித்தியாசத்தை அவரிடம் கேட்க முடியாது. லாபம் வந்தால் அதையும் அவருக்கே கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு ஸ்பீட் போஸ்ட், அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும். வக்கீல் நோட்டீஸ் நடையெல்லாம் வேண்டாம். உங்கள் வார்த்தையிலேயே இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தேதியில் கிலோ 620 ரூபாய்க்கு என் பன்னிரண்டு மூட்டை மிளகைப் பேசி, 20,000 ரூபாய் கொடுத்து, மூட்டையில் உங்கள் கடைக் குறி போட்டீர்கள். வியாழக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை. வெள்ளி காலை கேட்டும் வரவில்லை. சனி இரவு மழையில் மூன்று மூட்டை நனைந்தது. இந்தத் தபால் கிடைத்த ஏழு நாளில் பேசிய விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளுக்கு விற்று, குறையும் தொகையை உங்களிடம் கேட்பேன்."

நனைந்த மூன்று மூட்டை ஏழு நாள் பொறுக்காது, பூஞ்சை கட்டிவிடும். கெட்டுப்போகும் தன்மையுள்ள சரக்குக்கு அறிவிப்பு தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனாலும் ஒரு வரி எழுதிவிட்டு உடனே பிரித்துக் காயப் போடுங்கள். காய்ந்த மிளகோடு கலந்துவிடாதீர்கள். கலந்தால் ஒன்பது மூட்டையின் பெயரும் கெடும், எது எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கும் கெடும். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73 கேட்கும். அதனால் காயவைத்த கூலிச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

இதற்கிடையில் அவர் நடுராத்திரி, "சரிம்மா, 560க்கு ஒம்பது மூட்டையை அனுப்பிடுங்க" என்று மெசேஜ் போடுவார். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் "சரிங்க அண்ணா" என்று போட்டுவிட்டால், பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது வந்துவிட்டது என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 62ஐக் காட்டி எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். 560க்கு அவரிடமே கொடுக்க நினைத்தாலும் தப்பில்லை. ஆனால் "பழைய ஒப்பந்தத்தில் எனக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல், நஷ்டத்தைக் குறைப்பதற்காகத் தருகிறேன்" என்று எழுதிவிட்டு, அவர் அதை ஏற்றுப் பதில் போட்ட பிறகே கொடுங்கள்.

அட்வான்ஸ் பற்றி. நம் பேச்சில் அச்சாரம் என்றும் அட்வான்ஸ் என்றும் இரண்டு சொல் உண்டு. வியாபாரிகள் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். சட்டத்தில் இரண்டும் வேறு. அச்சாரம் என்பது சொன்ன சொல்லுக்குப் பிணை, வாக்குத் தவறினால் அது போச்சு. அட்வான்ஸ் என்பது விலையில் ஒரு பகுதி, வியாபாரம் முறிந்தால் கணக்குப் பார்த்துத் திருப்ப வேண்டியது. "இதை அச்சாரமா வெச்சுக்கங்க, வரலைன்னா உங்களுக்கே" என்று அவர் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அப்படி இல்லை. அதனால் அது விலையின் பகுதி என்றே கொள்ளுங்கள். மௌலா பக்ஸ் என்பவர் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் சப்ளை செய்வதாகக் கட்டிய டெபாசிட்டை அரசு எடுத்துக்கொண்ட வழக்கில், நஷ்டத்தைக் காட்டாமல் முழுத் தொகையையும் வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1969இல் சொன்னது. உங்களுக்கும் அதே கணக்குதான். 20,000 முழுக்க உங்களுடையது என்று எழுதாதீர்கள். நஷ்டத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று எழுதுங்கள்.

கணக்கு என்ன ஆகும்? ஒன்பது மூட்டை 450 கிலோ 560க்குப் போகிறது என்று வைத்தால், கிலோவுக்கு 60 வீதம் 27,000 ரூபாய். நனைந்த 150 கிலோ, காயவைத்தும் 400க்குத்தான் போனது என்றால் கிலோவுக்கு 220 வீதம் 33,000. ஆக 60,000. கையிலிருக்கும் 20,000ஐக் கழித்தால் நீங்கள் கேட்க வேண்டியது 40,000, கூலிச் செலவு தனி. மழை நஷ்டம் அவருடையது அல்ல என்று தீர்ப்பானால், அந்த 150 கிலோவுக்கும் விலை இறங்கிய அறுபது ரூபாய்தான் கிடைக்கும், 9,000. அப்போது கேட்க முடிவது 16,000. அந்த ஓட்டையும் நீலக் கட்டியும் சேர்ந்து 24,000 ரூபாய்க்குச் சண்டை போடுகின்றன. எந்த வழியில் பார்த்தாலும் அட்வான்சை இப்போது திருப்பிப் போட வேண்டிய அவசியமில்லை.

போலீஸ்? வேண்டாம். ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவர் முன்பணம் கொடுத்தவர், பிற்பாடு விலை இறங்கியதும் மனம் மாறியவர். அது வாக்குத் தவறல், சிவில் விவகாரம். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்து "பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். அந்த அவசரத்தில் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள்.

நோட்டீசுக்குப் பதில் வராவிட்டால் முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்து அவரைப் பேச்சுக்கு அழைக்கலாம். லோக் அதாலத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மண்டியில் பெயர் முக்கியம் என்பதால் பல வியாபாரிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று, 40,000க்கு 1,200 ரூபாய். மூன்று வருஷ அவகாசம் இருக்கிறது, ஆனால் சாட்சிகளின் ஞாபகத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. நுகர்வோர் மன்றம் உங்களுக்கு ஆகாது. நீங்கள் விற்றவர், வாங்கியவர் அல்ல.

போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சியாக ஏற்கப்படும். அதற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். திங்கட்கிழமை அவர் குத்தூசி போட்டபோது கூட இருந்தவர் யார்? மிளகு பறிக்க வந்த ஆளாக இருந்தாலும் சரி, பெயரைக் குறித்து வையுங்கள். அவர் என்ன சொன்னார், எந்த மூட்டையில் எழுதினார் என்று இன்று ராத்திரியே ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள்.

கடைசியாக, அந்த மூன்று ஈரச் சாக்குகள். மிளகைக் காயப் போடும்போது சாக்கை அலசிக் கொடியில் போட்டுவிடப் போகிறீர்கள், வீட்டில் யாராவது கண்டிப்பாகச் செய்வார்கள். நீலக் கட்டி தண்ணீரில் கரையும். அலசாமல், எழுத்து தெரிகிற மாதிரி மடித்து, எலி கடிக்காத இடத்தில் மேலே தூக்கி வையுங்கள்.